அக்காவின் எழுத்து திரைக்கு வர ஆகும் நேரம்

முந்திரி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, அக்கா வைத்தது. யாராவது வாயைத் திறந்து பாதி சொல்வதற்குள் மீதியை இவன் சொல்லி முடித்துவிடுவான். "முந்திரிக்கொட்டை! நான் சொல்லி முடிக்கற வரைக்கும் பொறுக்க முடியாதா உனக்கு?" என்று தலையில் ஒரு குட்டு வைப்பாள். நாளாக நாளாகக் கொட்டை உதிர்ந்துபோய் முந்திரி மட்டும் நின்றது. ஐம்பது தாண்டி முன்மண்டை வழுக்கையான பிறகும் வேலை செய்யும் இடத்திலும் தெருவிலும் அவன் முந்திரிதான். அதற்காக அவன் கோபித்துக்கொண்டதில்லை. கெட்ட எண்ணத்தில் முந்துகிறவன் இல்லை அவன். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ரகம். அப்படிப்பட்டவர்களை யாரும் திட்டுவதில்லை என்பதுதான் கஷ்டமே.

தொழில், எடை மேடை பழுது பார்ப்பது. ஜல்லியும் இரும்பும் ஏற்றிய லாரிகள் மேடை மேல் வந்து நிற்கும். பக்கத்து அறையில் ஒரு பெட்டியில் சிவப்பு எண்களில் எடை தெரியும். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் கம்ப்யூட்டருக்குப் போய், அங்கே சீட்டு அச்சாகும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில் இதற்கென்றே சீரியல் போர்ட் என்று ஒரு துவாரம் இருந்தது. இப்போது வருகிறவற்றில் யூ.எஸ்.பி. மட்டும்தான். அதனால் ஒரு பக்கம் சீரியலும் மறுபக்கம் யூ.எஸ்.பி.யும் உள்ள கன்வர்ட்டர் கேபிள் ஒன்றை நடுவில் போட வேண்டும். முந்திரியின் பையில் எப்போதும் நாலைந்து கிடக்கும். "சார், எடை வந்து..." என்று போனில் யாராவது ஆரம்பித்தால் போதும், "கேபிளைக் கழட்டி மாட்டுங்க, வந்துடும்" என்பான். வந்தும் விடும். பெரும்பாலும் அவன் சொன்னதுதான் சரியாக இருக்கும். அவனைக் கெடுத்தது அதுதான்.

அக்கா அவனைவிட எட்டு வயது பெரியவள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் விசாரணை கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள். எந்த மாடி, எந்த டாக்டர், எத்தனை மணிக்கு என்று நாள் முழுக்க ஊரே வந்து கேட்கும். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பதில் வரும். அழுதுகொண்டு வருகிறவர்களிடம் மட்டும் குரல் இறங்கும். கணவன் சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகனைப் படிக்க வைத்தாள். அவன் தூரத்து நகரத்தில் வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டான். ஓய்வு பெற்ற பிறகு அக்கா தனியாகத்தான் இருந்தாள். ஒரு காலையில் பல் தேய்க்கும்போது கீழே விழுந்தாள். பக்கவாதம். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. இடது பக்கமும் தளர்ந்துபோய், அந்தக் கையில் இரண்டு விரல்களுக்கு மட்டும் கொஞ்சம் உயிர் இருந்தது. மூளைக்கு ஒரு குறையும் இல்லை. அவள் கண்ணைப் பார்த்தாலே தெரியும்.

யாரையும் கேட்காமல் முந்திரி அவளைத் தன் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டான். அவன் மனைவி பல் டாக்டர் ஒருவரிடம் உதவியாளாக இருக்கிறவள். முகம் கோணாமல் நாத்தனாரைக் குளிப்பாட்டினாள், தலை வாரினாள், காலையில் வேலைக்குப் போகும்முன் ஊட்டிவிட்டும் போனாள். இரண்டு வருஷம் இப்படி ஓடிற்று. பார்த்தவர்கள் எல்லாம், கூடப் பிறந்தவன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

அக்கா பேசுவதற்கு ஒரு கருவியும் செய்து கொடுத்திருந்தான். சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகை அளவில் ஒரு பலகை. அதில் மெத்தென்ற பட்டன்கள் நாற்பது. ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. பலகைக்கு அடியில் ஒரு சின்ன சர்க்யூட். அதிலிருந்து கன்வர்ட்டர் கேபிள் லேப்டாப்புக்குப் போகும். அக்கா எதை அழுத்துகிறாளோ அது திரையில் பெரிய எழுத்தில் வரும். வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் எப்படி? அவள் அழுத்துவாள், திரையில் ஒன்றும் இருக்காது. ஒரு நொடிக்கும் மேலே ஆன பிறகு எழுத்து மெதுவாக எட்டிப்பார்க்கும். அதுவரை விரலை எடுக்கக் கூடாது. பலமில்லாத விரல் அவ்வளவு நேரம் நிற்குமா? வழுக்கிவிடும். எழுத்து வரவே வராது. திரும்ப அழுத்த வேண்டும். ஒரு வார்த்தை முடிவதற்குள் அவள் நெற்றி வியர்த்துவிடும்.

முந்திரி அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். பலகையின் ஓரத்தில் சிவப்பாக ஒரு வரிசை பட்டன் வைத்து, ஒரே அழுத்தில் முழு வாக்கியம் வருகிற மாதிரி செய்தான். "தண்ணீர் வேண்டும்." "வலிக்கிறது." "தூக்கம் வருகிறது." "சரி." "சந்தோஷம்." எல்லாம் அவனே யோசித்து எழுதிய வாக்கியங்கள். நாளடைவில் அக்கா எழுத்துகளை விட்டுவிட்டு சிவப்பு வரிசையோடு நின்றுகொண்டாள். அதிலும் பெரும்பாலும் "சரி"தான். பழகிவிட்டாள் என்று முந்திரி எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னான்.

விஷயம் வெடித்தது ஒரு வீடியோ காலில். அக்காவின் மகனும் மருமகளும் போன் திரையில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். "அம்மா, நாங்க பெரிய வீட்டுக்கு மாறியாச்சு. கீழ் அறை உனக்குத்தான். எங்ககூட வந்துடறியா?" என்று மகன் கேட்டான்.

அக்காவின் கை பலகைக்குப் போனது. சிவப்பு வரிசைக்குப் போகவில்லை, எழுத்துகளுக்குப் போனது. விரல் ஒன்றில் அழுந்தி நின்றது. திரையில் ஒன்றும் வரவில்லை. விரல் நடுங்கிற்று. இன்னும் வரவில்லை.

"அவளுக்கு அங்கெல்லாம் சரிப்படாதுப்பா," என்றான் முந்திரி. "இங்க டாக்டர் பழக்கம், ஆள் பழக்கம். புது ஊர்ல போய் என்ன பண்ணுவா? அவ வரமாட்டா."

அப்போதுதான் திரையில் ஒற்றை எழுத்து வந்து விழுந்தது. அக்கா கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

 மகன் சொன்னான்: "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் அம்மாவத்தான் கேட்டேன். அடுத்த வாரம் நேர்ல வர்றோம். அம்மாவே சொல்லட்டும். இருக்கேன்னு சொன்னா விட்டுடறேன்."

முந்திரிக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அன்றைக்குப் பூராவும் மனைவியிடம் பொருமினான். "ரெண்டு வருஷமா எட்டிப் பாக்காதவனுக்கு இப்ப அம்மா மேல அக்கறை பொத்துக்கிட்டு வருதாம்! நான் என்ன அவள பூட்டியா வச்சிருக்கேன்?"

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிராமல் சொன்னாள். "எங்க டாக்டரும் உங்கள மாதிரிதான். பேஷண்ட் வாய்க்குள்ள ரெண்டு கையயும் விட்டுக்கிட்டு, புள்ளைங்க என்ன படிக்கிறாங்கன்னு கேப்பாரு. அவரே 'நல்லா படிக்கட்டும்'பாரு. தங்கமான மனுஷன்தான்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணும் இல்ல. துணிய அலமாரில வைங்க."

ஆனால் ஒரு விஷயம் அவன் மண்டையில் ஏறிவிட்டது. அக்காவே சொல்ல வேண்டும். அதுவும் பளிச்சென்று, எல்லார் கண் முன்னாலும், 'நான் இங்கேயே இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். மகன் வாயடைத்துப் போக வேண்டும். அதற்குக் கருவி வேகமாக வேண்டும். அக்கா என்ன சொல்லப்போகிறாள் என்பதில் அவனுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அது எப்போது திரைக்கு வரும் என்பதில்தான் சந்தேகம்.

அன்றிலிருந்து பலகையும் கையுமாகத் திரிந்தான். எடை மேடைக்காரர்களுக்கு வேகம் என்றாலே முதலில் ஞாபகம் வருவது பாட் ரேட். கேபிளில் நொடிக்கு எவ்வளவு தகவல் ஓட வேண்டும் என்கிற கணக்கு அது. இருந்ததைப் பல மடங்கு கூட்டினான். சர்க்யூட்டிலும் கூட்டி, லேப்டாப்பிலும் கூட்டி, ஒரு பட்டனை அழுத்திப் பார்த்தான். எழுத்து பழையபடி ஆடி அசைந்து வந்தது. கேபிள் கோளாறாக இருக்கும் என்று கேபிளை மாற்றினான். நீளம் அதிகமோ என்று குட்டைக் கேபிள் வாங்கினான். லேப்டாப்புக்கு மெமரி போட்டான். எதற்கும் அது மசியவில்லை. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இவன் பதறிய பதற்றத்தில் நடுவே இரண்டு நாள் கருவி அடியோடு வேலை செய்யாமல் போய், அக்காவுக்கு 'சரி' கூட இல்லாமல் ஆயிற்று.

இவ்வளவுக்கும் இடையில் ஒன்று அவனை உறுத்திக்கொண்டே இருந்தது. வேகத்தைக் கூட்டியும் தாமதம் கொஞ்சமாவது குறைந்திருக்க வேண்டாமா? மயிரிழைகூடக் குறையவில்லை. ஓடுகிற வண்டிக்கு எஞ்சினை மாற்றினால் வித்தியாசம் தெரியாமல் இருக்குமா? தெரியவில்லை என்றால், வண்டி ஓடவே இல்லை, எங்கேயோ நின்றுகொண்டிருக்கிறது என்றல்லவா அர்த்தம்? சோப்புப் போட்ட முகத்தோடு வாஷ் பேசின் முன்னால் நின்று இதை யோசித்தான். சோப்பு காய்ந்து முகம் இழுத்தது.

மறுநாள் ஒரு கல் குவாரியின் எடை மேடையில் வேலை. அங்கே இருந்தது அரதப்பழசான கம்ப்யூட்டர். பின்னால் அசல் சீரியல் போர்ட்டே இருந்தது. அக்காவின் பலகையும் அன்று அவன் பையில் இருந்தது. லாரி எதுவும் இல்லாத நேரம் பார்த்து அதை நேராக அந்தப் போர்ட்டில் செருகி, தன் புரோகிராமை ஏற்றி, ஒரு பட்டனைத் தொட்டான். தொட்ட மாத்திரத்தில் எழுத்து வந்தது. இன்னொன்றைத் தொட்டான். அதுவும் வந்தது. பைத்தியம் பிடித்தவன் மாதிரி தட்டிக்கொண்டே போனான், எல்லாம் வந்தது.

எடைச் சீட்டு கொடுக்கிறவர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், எடைக்குப் பதிலா எழுத்து வருது?"

"கேபிள்தான் சார் நிக்குது! நடுவுல கேபிள் நிக்குது!" என்று கத்தினான் முந்திரி. அவர் ஒன்றும் புரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று, "கழட்டி மாட்டிப் பாருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக லேப்டாப்பைத் திறந்து, டிவைஸ் மேனேஜரில் அந்தக் கேபிளின் போர்ட்டைப் பிடித்து, அட்வான்ஸ்டு என்ற பக்கத்துக்குப் போனான். இந்தப் பக்கத்தை எத்தனையோ முறை திறந்திருக்கிறான். வேண்டியதை மாற்றிவிட்டு அடுத்த நொடி மூடியிருக்கிறான். அதே பக்கத்தில், நடுவில், லேட்டன்சி டைமர் என்று ஒரு வரி. அதன் எதிரே பதினாறு என்று இருந்தது. பதினாறு மில்லி நொடி. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறான்.

விஷயம் இதுதான். ஆள் சேர்ந்தால்தான் கிளம்புவேன் என்கிற வேன்கள் உண்டல்லவா? கேபிளுக்குள் இருக்கும் சின்ன சிப்பும் அப்படித்தான். பலகையிலிருந்து ஒரே ஒரு பதில் வந்தால் அதை உடனே கம்ப்யூட்டரிடம் கொண்டுபோகாது. இன்னும் நாலு வரட்டும், சேர்த்துக்கொண்டு போகலாம் என்று கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். யாரும் வராவிட்டால், பதினாறு மில்லி நொடி கழித்து, சரி தொலையட்டும் என்று கிளம்பும். எடை மேடையில் எண்கள் விடாமல் வந்துகொண்டே இருப்பதால் வேன் சட்டென்று நிறைந்துவிடும்; தவிர, லாரி எப்படியும் நிற்கத்தானே போகிறது. அதனால் இத்தனை வருஷத்தில் முந்திரி இதைப் பார்த்ததே இல்லை. ஆனால் அக்காவின் பலகையை அவன் அமைத்திருந்த விதம் வேறு. லேப்டாப் ஒவ்வொரு பட்டனாக, 'நீ அழுந்தியிருக்கிறாயா' என்று கேட்கும். பட்டன் 'இல்லை' என்று ஒரு சொல் சொல்லும். அது வந்த பிறகுதான் அடுத்த பட்டனைக் கேட்கும். எழுத்துக்கு மட்டுமே நாற்பது பட்டன், நாற்பது கேள்வி. கை நடுங்குமே என்று இவனே பயந்து, எல்லாவற்றையும் இரண்டு சுற்றுக் கேட்க வைத்திருந்தான். எண்பதுக்கு மேல் பதில், தலைக்குப் பதினாறு மில்லி நொடி; கூட்டினால் ஒரு நொடியைத் தாண்டிவிடும். ஒவ்வொரு குட்டிப் பதிலும் வேனில் தனியாக உட்கார்ந்து காத்திருந்து காத்திருந்து வந்து சேர, அக்காவின் விரல் அங்கே வலித்துக்கொண்டிருந்தது.

பதினாறை அழித்து ஒன்று என்று போட்டான். அவ்வளவுதான் வேலை. இதற்காகவா லேப்டாப்புக்கு மெமரி வாங்கினோம் என்று அவனுக்கே சிரிப்பாக வந்தது.

"அக்கா, இப்ப அழுத்து பாப்போம்," என்று பலகையை அவள் மடியில் வைத்தான்.

அக்கா நம்பாமல் ஒரு பட்டனைத் தொட்டாள். விரலை எடுப்பதற்குள் எழுத்து திரையில் இருந்தது. அவள் புருவம் மேலே போனது. அடுத்ததைத் தொட்டாள். அடுத்ததை. கொஞ்ச நேரம் வெறும் எழுத்துகளாகத் தொட்டு விளையாடினாள். சரியாக இருக்கும் பாதி உதட்டில் சிரிப்பு வந்தது. பிறகு நிதானமாக, இரண்டு விரலும் மாறி மாறி, ஒரு வாக்கியம் போட்டாள்: "டீயில் சர்க்கரை வேண்டாம். எனக்கு என்றைக்கும் பிடிக்காது."

மனைவி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "அய்யோ அண்ணி! ரெண்டு வருஷமா ரெண்டு ஸ்பூன் போட்டு கலக்கறாரே!"

முந்திரிக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க மாட்டான் என்பது இவனுக்கென்றே சொன்னது. உடனே சொன்னான்: "சரிக்கா, சர்க்கரைய விடு. ஞாயித்துக்கிழமை அவங்க வருவாங்க. நீ ஒண்ணும் நீட்டி முழக்க வேணாம். 'நான் இங்கேயே இருக்கேன்'. மூணே வார்த்தை. அது போதும்."

அக்கா அவனைப் பார்த்தாள். விரல்கள் பலகை மேல் சும்மா இருந்தன. களைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு அவன் பலகையை எடுத்து வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகளும் வந்தார்கள். மருமகள் அதிகம் பேசாத பெண். கல்யாணத்துக்குப் பிறகு மாமியாரோடு சேர்ந்தாற்போல் நாலு நாள் இருந்தவள்கூட இல்லை. எங்கே உட்காருவது, எதைத் தொடுவது என்று தெரியாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். முந்திரி லேப்டாப்பை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மேஜை மேல் திருப்பி வைத்தான். பரிசு வாங்கப் போகிற பிள்ளையின் அப்பா மாதிரி பக்கத்தில் நின்றுகொண்டான்.

மகன் அம்மாவின் காலடியில் முக்காலி போட்டு உட்கார்ந்தான். "அம்மா, உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் சொல்லு. எங்ககூட வர்றியா, இல்ல இங்கயே இருக்கியா?"

அக்காவின் விரல் நகர்ந்தது. முதல் எழுத்து வந்தது. இரண்டாவது வந்தது. முந்திரி வாயைத் திறந்தான். சமையலறை வாசலில் நின்ற மனைவி அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். திரையில் ஒரு வார்த்தை முழுதாக நின்றது.

"போகிறேன்."

 முந்திரிதான் முதலில் பேசினான். வேறு யார் பேசுவார்கள்? "இருங்க, இருங்க. மிஷின்ல ஏதோ கோளாறு. முந்தாநேத்துதான செட்டிங் மாத்தினேன். பட்டன் தப்பா எடுக்குது போல." குனிந்து கேபிளைக் கழற்றப் போனான்.

அக்காவின் இடது கை எழுந்து அவன் மணிக்கட்டின் மேல் விழுந்தது. பிடிக்கிற பலம் அதற்கு இல்லை. ஆனால் அது அங்கேயே கிடந்தது. அவன் கேபிளை விட்டான். அவள் தன் கையை எடுத்துக்கொண்டுபோய் மறுபடி பலகையில் வைத்தாள்.

"மிஷின் சரியாக இருக்கிறது. நன்றாகச் செய்திருக்கிறாய்," என்று வந்தது. சற்று இடைவெளி. பிறகு வாக்கியங்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொரு எழுத்தாகத்தான் வந்தன, ஆனால் நிற்காமல் வந்தன. நாலு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீயும் உன் பெண்டாட்டியும் என்னைப் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். அது வேறு. உனக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரியும். அதனால் நீ கேட்பதில்லை. இந்தப் பெண்ணுக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. கேட்பாள்."

மருமகள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மகன் தலையைக் குனிந்துகொண்டான். முந்திரி திரையைப் படித்தான். திரும்பப் படித்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

எங்கேயும் போகவில்லை. மாடிப்படியில் போய் உட்கார்ந்தான்.  இரண்டு வருஷம்! மூத்திரத் துணி மாற்றியவன் யார்? இவள் இருமினால் எழுந்து உட்கார்ந்தவன் யார்? ஒரே ஒரு நாள் வந்து முக்காலி போட்டு உட்கார்ந்தவன் நல்லவனாகிவிட்டான். நன்றி கெட்ட ஜென்மம் என்று மனத்துக்குள் ஒரு வார்த்தை வந்தது. வந்த உடனே வெட்கமாகப் போயிற்று. ஏனென்றால் அக்கா நன்றி சொல்லித்தான் ஆரம்பித்திருந்தாள். அதை இவன் படித்ததும் படிக்காததுமாகத் தாண்டிப் போயிருந்தான்.

அவளைப் பிரிந்து இருக்க முடியாது என்பதுதான் உண்மை. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் சொல்லவில்லை. அவளுக்கு இங்கேதான் வசதி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

மனைவி வந்து ஒரு படி கீழே உட்கார்ந்தாள். 

"நீயும் போகச் சொல்வியா?" என்றான்.

"என்னையா கேக்கறீங்க?"

"உன்னத்தான் கேக்கறேன்."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. அண்ணி இல்லாத வீடு எப்படி இருக்கும்னு தெரியல. ஆனா அந்தப் பலகைய நீங்க ஏன் செஞ்சீங்க? அவங்க பேசணும்னுதான? பேசிட்டாங்க."

உள்ளே வந்தபோது மருமகள் தன் லேப்டாப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்திருந்தாள். "மாமா, இது என் கம்ப்யூட்டர். இதுலயும் அந்தப் புரோகிராம் போட்டுக் கொடுக்க முடியுமா? அத்தைக்கு அங்கயும் இப்படியே வரணும்," என்றாள். குரலில் பயம் இருந்தது.

முந்திரி உட்கார்ந்தான். புரோகிராமைப் போட்டான். கேபிளைச் செருகினான். அக்கா ஒரு பட்டனை அழுத்த, எழுத்து பழையபடி ஊர்ந்து வந்தது. மருமகள் கலங்கிப்போய் அவனைப் பார்த்தாள்.

"பயப்படாதம்மா. இந்த செட்டிங் கேபிள்ல இருக்காது, கம்ப்யூட்டர்ல இருக்கும். புதுசா எதுல சொருகினாலும் அது மறுபடி பதினாறுலதான் நிக்கும். ஒவ்வொரு தடவையும் நாமதான் மாத்தணும். இங்க வா, நீயே மாத்து." எங்கே போக வேண்டும், எதைத் திறக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவள் மவுஸ் தவறான இடத்துக்கெல்லாம் போயிற்று. பிடுங்கித் தானே செய்துவிடக் கை துறுதுறுத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டான். அவளே கண்டுபிடித்து, ஒன்று என்று போட்டாள். எழுத்துகள் பாய்ந்து வந்தன. அவள் முகம் மலர்ந்தது.

"ஒரே ஒரு விஷயம் அத்தை," என்று அவள் மாமியார் பக்கம் திரும்பினாள். "கீழ் அறைல கட்டில் இன்னும் போடல. ஜன்னல் பக்கம் போடவா, கதவு பக்கம் போடவா?"

ஜன்னல் பக்கம். முந்திரிக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இதுகூடவா தெரியாது? இந்த வீட்டுக்குள் அவளைக் கொண்டுவந்த அன்றே பீரோவை நகர்த்தி, ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டு, தெரு தெரிகிற மாதிரி தலையணை வைத்தவன் அவன். வேடிக்கை பார்ப்பதில் அக்காவுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான். பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தான்.

திரையில் வந்தது: "கதவு பக்கம்."

 அக்கா ஏன் அப்படிச் சொல்கிறாள் என்பதற்கு முந்திரிக்கு மூன்று காரணங்கள் சட்டென்று தோன்றின. காற்றா? வெயிலா? ஒரு பக்கமே படுத்துக் கழுத்து வலிக்கிறதா? மூன்றையும் விழுங்கினான்.

"ஏங்க்கா?" என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.

அக்கா அவனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு விரலை எடுத்துப் பலகையில் வைத்தாள். எழுத்துகள் வேகமாகத்தான் வந்தன. அவள்தான் நிறுத்தி நிறுத்தி யோசித்தாள். நடுவில் ஒருமுறை எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவன் காத்துக்கொண்டிருந்தான்.

"ஜன்னலில் பார்த்தால் எல்லோரும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். கதவைப் பார்த்தால் யாராவது என்னிடம் வருவார்கள்."

இரண்டு வருஷம் அவளை முதுகு கதவுப் பக்கமாக இருக்கும்படி படுக்க வைத்திருந்தான். அவன் அழுதான், மருமகள் இருக்கிறாளே என்று பார்க்கவில்லை. "இன்னும் என்னக்கா? வேற என்னல்லாம் எனக்குத் தெரியாது?" என்று கேட்டான்.

அக்கா மெதுவாக விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டாள். பலகையை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்து வைக்கச் சொல்லித் தலையசைத்தாள். அவன் இழுத்து வைத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்தான்.